சாசனத்தில் ஒரு சொல்லும் மாறாமல் அதிகாரம் மாறியது எப்படி?

அரியலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எங்கள் ஊராட்சியில் முன்பு வார்டு உறுப்பினராக இருந்தேன். எங்கள் பகுதியில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் அதிகம். கனிமங்கள் மீது மாநில அரசு வரி போட முடியாது என்று முன்பு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததாகவும், 2024-இல் போடலாம் என்று தீர்ப்பளித்ததாகவும் படித்தேன். இடையில் இது தொடர்பாக அரசியல் சாசனத்தில் எந்தத் திருத்தமும் வரவில்லை என்று குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியானால் மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிப்பது அரசியல் சாசனமா, நீதிபதிகளா? இப்போது கிடைத்திருக்கும் அதிகாரம் நிலைக்குமா? இந்த வரியில் எங்கள் ஊராட்சிக்குப் பங்கு உண்டா?"

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் மகள் சொல்வது சரி. 1989-க்கும் 2024-க்கும் இடையில் மத்திய, மாநில அதிகாரங்களை மூன்று பட்டியல்களாக வகுக்கும் ஏழாவது அட்டவணையில் கனிமங்கள் தொடர்பாக எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. 1989-இல் ஏழு நீதிபதிகள் படித்த அதே வாசகங்களைத்தான் 2024-இல் ஒன்பது நீதிபதிகளும் படித்தார்கள்; முடிவு மட்டும் நேரெதிராக அமைந்தது. மாநில உரிமை தொடர்பான வழக்குகளைத் தொடர்ந்து படித்தும் நடத்தியும் வருகிற வழக்கறிஞர் என்ற முறையில், இந்த ஒரு வழக்கையே சற்று விரிவாகச் சொன்னால் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் சாசனம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். பட்டியல்களில் உள்ள ஒவ்வொரு பொருளையும் 'இனம்' என்பார்கள். மத்தியப் பட்டியலின் 54-ஆவது இனம், பொதுநலன் கருதி நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் அறிவிக்கும் அளவுக்குச் சுரங்கங்களையும் கனிம வளர்ச்சியையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. மாநிலப் பட்டியலின் 23-ஆவது இனமும் அதே சுரங்கங்களைப் பற்றியதுதான். ஆனால் மத்திய அரசின் அந்த அதிகாரத்துக்கு உட்பட்டது. வரிக்கு வரும்போது, நிலங்கள், கட்டடங்கள் மீதான வரி மாநிலப் பட்டியலின் 49-ஆவது இனத்திலும், கனிம உரிமைகள் மீதான வரி 50-ஆவது இனத்திலும் இருக்கின்றன. இந்த 50-ஆவது இனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: கனிம வளர்ச்சி தொடர்பாக நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் விதிக்கும் வரம்புகளுக்கு அது உட்பட்டது. வழக்கு முழுவதும் இந்த நான்கு இனங்களைச் சுற்றியே நடந்தது.

படிக்கும்போது எல்லாம் தெளிவாகவே தோன்றும். சிக்கல் நடைமுறையில்தான் வருகிறது. 1950-இல் மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப்பட்டியலில் 47 இனங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓரிரு வரிதான். சட்டமன்றம் இயற்றும் ஒரு சட்டமோ இரண்டு மூன்று இனங்களை ஒரே நேரத்தில் தொட்டுவிடுகிறது. சுதந்திரத்துக்கு முன்பே இந்தச் சிக்கல் நம் மாகாணத்தில் எழுந்தது. கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக ராஜாஜி அமைச்சரவை 1938-இல் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது, பிராமிசரி நோட்டு (கடன் உறுதிச் சீட்டு) என்பது 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி மத்திய விஷயம், எனவே அந்தக் கடன்களில் மாகாணம் கைவைக்க முடியாது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அன்று இந்தியாவில் இருந்த ஃபெடரல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒரு பட்டியலைச் சேர்ந்த சட்டம் இன்னொரு பட்டியலைத் தொடுவது தவிர்க்க முடியாதது என்றும், சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் ஏராளமான சட்டங்கள் செல்லாமல் போய்விடும் என்றும், எனவே சட்டத்தின் உண்மையான தன்மையையே பார்க்க வேண்டும் என்றும் அது கூறியது. வங்காளத்தின் லேவாதேவிச் சட்டம் தொடர்பான வழக்கில் 1947-இல், லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் அதே நிலைப்பாட்டை எடுத்தது. இந்த அணுகுமுறை இன்றும் நம் நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒரு சட்டத்தின் உண்மையான தன்மை எது என்பதில் நீதிபதிகள் வேறுபடலாம் அல்லவா? அதிகாரத்தின் எல்லை நகர்வது அந்த இடத்தில்தான்.

இனி நம் வழக்கு. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் அரசு நிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்க இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1963-இல் குத்தகை பெற்றிருந்தது. 1958-ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, நிலவரியில் ரூபாய்க்கு 45 பைசா வீதம் தலமேல்வரி, அதாவது உள்ளாட்சிக்கான கூடுதல் வரி, விதித்தது. 1964-இல் அந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டு, கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தப்படும் ராயல்டியும் நிலவரி என்ற சொல்லுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆக, நிறுவனம் ஒரு ரூபாய் ராயல்டி கட்டினால் அதன் மேல் 45 பைசா தலமேல்வரியும் கட்ட வேண்டும். இதை நிறுவனம் எதிர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரி செல்லும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

அங்கே 1989 அக்டோபர் 25 அன்று ஏழு நீதிபதிகள் தமிழ்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ராயல்டி நிலத்தின் மீது நேரடியாக விழுவது அல்ல, எனவே அதன் மீதான தலமேல்வரி நிலவரி ஆகாது. 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் இந்தத் துறையை எடுத்துக்கொண்டுவிட்டது, எனவே 50-ஆவது இனமும் உதவாது என்பது அவர்களின் முடிவு. இத்தனைக்கும் பழைய சென்னை மாவட்ட வாரியச் சட்டத்தின்படி ராயல்டியை அளவுகோலாகக் கொண்டு வசூலிக்கப்பட்ட நிலத்தீர்வையை, சித்தூர் மாவட்டத்தில் எழுந்த வழக்கொன்றில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1964-இல் செல்லும் என்று சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பையும் 1989 தீர்ப்பு தவறு என்று ஒதுக்கியது. தீர்ப்பில் "ராயல்டி ஒரு வரி" என்று பொருள்படும் வாசகமும் இடம்பெற்றது. ராயல்டியே வரி என்றால், அதன் மேல் மாநிலம் எதை விதித்தாலும் அது வரியின் மீதான வரியாகி அடிபட்டுப்போகும். பிற மாநிலங்களின் கனிமத் தீர்வைகள் இந்த ஒரு வாசகத்தின் மீது மோதி விழுந்தன.

இதில் மாநிலங்களுக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். ராயல்டிதான் மாநிலத்துக்கே வருகிறதே என்றும் கேட்கலாம். வருகிறது, உண்மைதான். ஆனால் சுண்ணாம்புக்கல், நிலக்கரி, இரும்புத்தாது போன்ற பெருங்கனிமங்களுக்கான ராயல்டி வீதத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 1957 சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகளில் ஒரு முறைக்கு மேல் அதை உயர்த்தவும் முடியாது. மண் மாநிலத்துடையது, தூசியும் லாரிப் போக்குவரத்தும் வற்றிய கிணறுகளும் அந்த ஊர் மக்களுக்கு, ஆனால் விலை சொல்லும் உரிமை மட்டும் டெல்லிக்கு என்பதுதான் நிலைமை. மாநிலம் தானே தீர்மானித்து வசூலிக்கக்கூடிய வழி வரி ஒன்றுதான். அந்த வழியைத்தான் 1989 தீர்ப்பு அடைத்தது.

அடுத்து நடந்தது நீதிமன்ற நடைமுறை எவ்வளவு மெதுவாக நகரும் என்பதைக் காட்டுகிறது. 2004 ஜனவரியில், மேற்கு வங்கம் தொடர்பான கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, 4-க்கு 1 என்ற கணக்கில், 1989 தீர்ப்பின் அந்த வாசகத்தில் கைப்பிழை நேர்ந்துவிட்டது, "ராயல்டி மீதான தீர்வை ஒரு வரி" என்றுதான் அது இருந்திருக்க வேண்டும் என்று கூறியது. வாதம் வலுவானதுதான். ஆனால் ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் திருத்த முடியுமா? முடியாது என்பதே நம் நீதிமன்ற ஒழுங்கு. எனவே இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. 2011-இல் விஷயம் ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டது. அந்த ஒன்பது பேர் தீர்ப்புச் சொன்ன நாள் 2024 ஜூலை 25. ஒரு கூட்டாட்சியில் யாருக்கு எந்த வரி என்ற அடிப்படைக் கேள்வி பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலில் காத்துக்கிடப்பது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். தாமதம் யாருக்கும் சாதகமில்லாத பொது நிலை அல்ல; அந்தக் காலம் முழுவதும் மாநிலங்கள் துணிந்து வரி விதிக்க முடியவில்லை, விதித்த மாநிலங்களின் வரி வழக்கில் சிக்கிக் கிடந்தது.

2024 தீர்ப்பில் எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், நீதிபதி நாகரத்னா மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். ராயல்டி என்பது குத்தகை ஒப்பந்தப்படி, கனிமத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகக் குத்தகைதாரர் தரும் பிரதிபலன். அரசு தன் இறையாண்மையைக் கொண்டு கட்டாயமாக விதிக்கும் வரி அல்ல. நம் சாசனத்தில் ஒரு துறையை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் அதன் மீது வரி விதிக்கும் அதிகாரமும் தனித்தனி இனங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. எனவே மத்திய அரசின் 54-ஆவது இனத்துக்குள் வரி அதிகாரம் ஒளிந்திருப்பதாகக் கொள்ள முடியாது. கனிம உரிமை மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துடையது. அதற்கு நாடாளுமன்றம் வரம்பு விதிக்கலாம், ஆனால் 1957 சட்டம் அப்படி எந்த வரம்பையும் விதிக்கவில்லை. கனிமம் உள்ள நிலத்துக்கு 49-ஆவது இனத்தின் கீழும் வரி விதிக்கலாம். எடுக்கப்படும் கனிமத்தின் அளவையோ மதிப்பையோ ராயல்டியையோ அளவுகோலாக வைத்துக்கொள்வதால் மட்டும் அது நிலவரி என்ற தன்மையை இழந்துவிடாது. இந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள்: தாழையூத்து வழக்கில் தமிழ்நாடு முன்வைத்த வாதம் சாராம்சத்தில் இதுதான்.

மாறுபட்ட தீர்ப்பையும் உங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். மாநிலங்கள் ஆளுக்கொரு வீதத்தில் வரி விதித்தால் கனிம விலை ஒழுங்கின்றி உயரும், வருவாய்க்காக மாநிலங்களுக்குள் ஆரோக்கியமற்ற போட்டி வளரும், கனிம வளர்ச்சியில் சாசனம் எதிர்பார்த்த ஒருமித்த ஏற்பாடு குலைந்துவிடும் என்று நீதிபதி நாகரத்னா எச்சரித்தார். கனிம வளம் குறைந்த மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கவலை பொருள் உள்ளது. என் சொந்தக் கருத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பே சாசன வாசகத்துக்கு நெருக்கமானது. அந்தக் கவலைக்கு மருந்தாகத்தான் 50-ஆவது இனத்திலேயே வரம்பு விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத் தரப்பட்டிருக்கிறது.

தீர்ப்பு எந்த நாளிலிருந்து பொருந்தும் என்பதும் அதிகாரப் பகிர்வின் ஒரு பகுதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1989-இல் தமிழ்நாடு தோற்றாலும், அதுவரை வசூலித்த தீர்வையைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. தொடர்ந்து 1992-இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி, 1991 ஏப்ரல் 4 வரை மாநிலங்கள் விதித்திருந்த கனிமத் தீர்வைகளுக்குச் செல்லுபடித்தன்மை கொடுத்தது. 2024-இல், தீர்ப்பு இனி வரும் காலத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என்று மத்திய அரசும் சுரங்க நிறுவனங்களும் கேட்டன; ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் அதை மறுத்தது. அதே நேரத்தில் 2005 ஏப்ரல் 1-க்கு முந்தைய பரிவர்த்தனைகளுக்கு வரி கேட்கக் கூடாது, நிலுவையை 2026 ஏப்ரல் 1 முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தலாம், 2024 ஜூலை 25-க்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் இல்லை என்று எல்லை வகுத்தது. சாசனத்தின் எந்த ஷரத்திலும் இந்தத் தேதிகள் இல்லை. நியாயத்தையும் நடைமுறையையும் எடைபோட்டு நீதிமன்றம் வகுத்துக்கொண்டவை இவை.

மகளின் தேர்வுக்கு உதவும் இன்னொரு செய்தி: 1989 அக்டோபர் 25 அன்று, அதே நாளில், மற்றொரு ஏழு நீதிபதிகள் அமர்வுத் தீர்ப்பும் வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான ஆல்கஹால் மாநிலங்களின் கட்டுப்பாட்டுக்குள் வராது, மதுபானம் என்றால் மனிதர் குடிக்கத்தக்கது மட்டுமே என்றது அது. 2024 அக்டோபர் 23 அன்று ஒன்பது நீதிபதிகள் அதையும் 8-க்கு 1 என்ற கணக்கில் மாற்றி, அந்த ஆல்கஹாலும் மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனத்துக்குள் வரும் என்றார்கள். மாறுபட்டவர் இங்கும் நீதிபதி நாகரத்னாதான்.

இனி, பிரிப்பது சாசனமா நீதிபதிகளா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இனங்களை வகுத்தது சாசனம். அதை மாற்ற வேண்டுமானால் 368-ஆவது ஷரத்தின்படி நாடாளுமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மையும், குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். 1976-இல் 42-ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது அந்த வழியில் நடந்த மாற்றம். ஒரு குறிப்பிட்ட சட்டம் எந்த இனத்துக்குள் அடங்கும் என்று சொல்வது நீதிமன்றம். 141-ஆவது ஷரத்தின்படி அது சொல்வதே நாடு முழுவதும் சட்டம். எனவே பத்திரத்தில் எழுதிய நான்கெல்லை சாசனத்துடையது, தகராறு வரும்போது கல் நடுகிற வேலை நீதிமன்றத்துடையது என்று புரிந்துகொள்ளலாம். பிற நாடுகளிலும் இதுவே நடந்திருக்கிறது. வலுவான மத்திய அரசை மனத்தில் கொண்டு 1867-இல் எழுதப்பட்ட கனடாவின் சாசனம், பிரிவி கவுன்சில் தீர்ப்புகளின் வழியாக மாகாணங்களுக்குச் சாதகமாக வளர்ந்தது. மாநிலங்களுக்கு மிச்ச அதிகாரத்தைக் கொடுத்த ஆஸ்திரேலியாவில், 1920-இல் வந்த பொறியாளர்கள் சங்க வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு மத்திய அரசின் கை ஓங்கியது.

கிடைத்த அதிகாரம் நிலைக்குமா என்பதற்கு உறுதியான ஒரு பதிலைத் தந்து உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் ஒன்பதை விடப் பெரிய அமர்வு கூட வேண்டும். அது எளிதில் நடக்காது. ஆனால் தீர்ப்பை மாற்றாமலேயே அதன் பயனைக் குறைக்க முடியும். 50-ஆவது இனத்தின் கீழ் நாடாளுமன்றம் நாளையே ஒரு சட்டத் திருத்தத்தின் மூலம் வரம்பு விதிக்கலாம். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை. எவ்வளவு தூரம் அப்படி வரம்பு விதிக்கலாம் என்பது அடுத்த வழக்காக மாறும். ஆகவே "மாநில உரிமைக்கு வெற்றி" என்ற தலைப்பைப் பார்க்கும்போது, எத்தனை நீதிபதிகள் சொன்னார்கள், எந்த இனத்தின் கீழ் சொன்னார்கள், அந்த இனத்தில் "உட்பட்டது" என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆளுநர் வழக்கே இதற்கு அண்மைச் சான்று. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றும், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலவரம்பு உண்டு என்றும் 2025 ஏப்ரல் 8 அன்று சொன்னது இரண்டு நீதிபதிகள் அமர்வு. குடியரசுத் தலைவர் கேட்ட பதினான்கு கேள்விகளுக்கு அதே ஆண்டு நவம்பர் 20 அன்று விடையளித்த ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் அப்படிக் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் முடியாது என்றும், காரணமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்தால் மட்டும் முடிவெடுக்கும்படி வரம்புக்குட்பட்ட உத்தரவு பிறப்பிக்கலாம் என்றும் கருத்துரைத்தார்கள்.

கடைசியாக, உங்கள் ஊராட்சியின் பங்கு. தமிழ்நாடு சட்டமன்றம் 2024 டிசம்பரில் கனிம நில வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தபோது சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதிக்கப்பட்டது. இந்த வரிக்கும் தாழையூத்து வழக்கின் தலமேல்வரிக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு: தலமேல்வரி ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிக்காக விதிக்கப்பட்டது, இந்தப் புதிய வரி மாநில அரசு விதிப்பது. ஏழாவது அட்டவணையில் ஊராட்சிக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. ஊராட்சிக்கு எந்த வரியை ஒப்படைப்பது, எதில் பங்கு தருவது என்பதை 243-எச் (243-H) ஷரத்தின்படி மாநிலச் சட்டமன்றமே சட்டத்தின் மூலம் தீர்மானிக்கிறது. மாநில வரி வருவாயை உள்ளாட்சிகளோடு பகிர்ந்துகொள்வது பற்றிப் பரிந்துரைக்க 243-ஐ (243-I) ஷரத்தின்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்படுகிறது. எனவே இந்தக் கோரிக்கையோடு நீதிமன்றத்துக்குப் போவதால் பயனில்லை. சுரங்கம் உள்ள ஊராட்சிகள் சேர்ந்து, உங்கள் எல்லையில் ஆண்டுக்கு எடுக்கப்படும் கனிமத்தின் அளவு, சாலைச் சேதம், நீர்நிலைகளின் நிலை ஆகியவற்றை ஆவணங்களோடு தொகுத்து, கிராம சபைத் தீர்மானத்துடன் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாநில நிதி ஆணையத்துக்கும் மனு கொடுங்கள். எடுக்கப்படும் கனிமத்தின் அளவு குறித்த விவரங்கள் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் இருக்கும். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள்.